டிமென்ஷியா உள்ளவரின் பயணம் எங்கே அறுந்துபோகிறது?

பேருந்தில் ஏறி மருத்துவமனைக்குப் போய்வருவதை நாம் ஒரே வேலையாக நினைக்கிறோம். ஆனால் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பது நினைவில் இருக்க வேண்டும், சரியான வண்டியை அடையாளம் காண வேண்டும், சில்லறையை எண்ணிக் கொடுக்க வேண்டும், எங்கே இறங்குவது என்பதை வழிநெடுக மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும், இறங்கியபின் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரிய வேண்டும், அப்புறம் திரும்பி வரும்போது இதையெல்லாம் இன்னொரு முறை செய்ய வேண்டும். நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறையும் மறதி நோயான டிமென்ஷியா கிட்டத்தட்ட இவை அத்தனையையும் தொடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5.5 கோடிக்கும் அதிகமானோர் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள், அதில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர் என்ற வகை. அல்சைமர் மூளையில் முதலில் தாக்கும் இடங்களில் இரண்டு, நினைவுக்கும் வழியறிதலுக்கும் உதவும் என்டோரைனல் கார்டெக்ஸும் ஹிப்போகாம்பஸும். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு எலி வரும்போது மட்டும் இயங்கும் செல்களை ஹிப்போகாம்பஸில் மூளை ஆய்வாளர் ஜான் ஓகீஃப் 1971-இல் கண்டறிந்தார். நாம் எங்கே இருக்கிறோம் என்று அளந்துகொண்டே இருக்கும் இன்னொரு வகைச் செல்களை என்டோரைனல் கார்டெக்ஸில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005-இல் காட்டினார்கள். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. வழி காட்டும் செல்கள் இருக்கும் இடத்திலேயே நோய் தொடங்குவதால், பழகிய தெருவில் திசை தெரியாமல் நிற்பது ஆரம்ப அறிகுறிகளில் ஒன்றாக வருகிறது. அது கவனக்குறைவு இல்லை.

உடம்பு கற்றுக்கொண்ட பழக்கங்கள் வேறு இடத்தில், மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்கிலியா என்ற பகுதியிலும் சிறுமூளையிலும் இருக்கின்றன. அவை வெகுநாள் தாங்கும். அதனால்தான் நன்றாக நடந்து, படியேறி, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் அழகாகப் பேசவும் செய்கிற ஒருவருக்கு உதவி தேவை என்பதே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகிறது. முதியோருக்கான வண்டிச் சேவைகள் பெரும்பாலும் சக்கர நாற்காலியை மனதில் வைத்து உருவானவை, சாய்தளம் இருக்கும், கைப்பிடி இருக்கும், நினைவுக்கு மட்டும் எந்த ஏற்பாடும் இருக்காது.

பயணம் அறுந்துபோவது பெரும்பாலும் ஓடும் வண்டிக்குள் இல்லை, இரண்டு முனைகளிலும்தான். வண்டி ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் வரும் என்று சொன்னால் அந்த அரை மணி நேரம் வாசலில் நிற்பவர், எதற்காக நிற்கிறோம் என்பதே மறந்து உள்ளே போய்ப் படுத்துவிடலாம். ஓட்டுநர் சில நிமிடம் பார்த்துவிட்டு "ஆள் வரவில்லை" என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படி நான்கைந்து முறை ஆனால் சில சேவைகள் அவரை இடைநிறுத்தவும் செய்யும், அதாவது எந்த நோய்க்காகச் சேவை தேவைப்பட்டதோ அந்த நோயையே காரணமாக்கிச் சேவையைப் பறிக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

இறங்கும் இடமும் அப்படித்தான். சாலையோரம் இறக்கிவிடுவது ஒன்று, கட்டட வாசல் வரை கொண்டுவிடுவது இன்னொன்று, உள்ளே போய் இவரை எதிர்பார்த்திருக்கும் ஒருவர் கையில் ஒப்படைப்பது வேறு. டிமென்ஷியா நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டால் கடைசி வகைதான் பாதுகாப்பு. வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் யாரை அழைப்பது, எங்கே திருப்பிக் கொண்டுபோவது என்பது புக்கிங் செய்யும்போதே முடிவாகியிருக்க வேண்டும், இரண்டாவது தொலைபேசி எண்ணோடு. முதல்நாள் மாலை வரும் குறுஞ்செய்தி உதவாது. வண்டி வாசலுக்கு வந்ததும் ஒருவர் அழைப்பதும், முடிந்தால் உள்ளே வந்து கூட்டிப்போவதும் உதவும். உடன் வருபவரிடம் கட்டணம் வாங்காமல் இருப்பதும் பெரிய விஷயம், அமெரிக்காவில் 1990-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி நடக்கும் வேன் சேவைகளில் உதவியாளருக்கு அப்படித்தான்.

ஓட்டுநர் பயிற்சியில் அவசியம் இருக்க வேண்டியது ஒன்று: மூளை நிற வேறுபாட்டையும் ஆழத்தையும் சரியாகக் கணிக்காதபோது, வண்டிப் படியில் கிடக்கும் கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியலாம். டிமென்ஷியா உள்ளவர் அதில் காலை வைக்க மறுப்பது பிடிவாதம் இல்லை, பள்ளத்தில் விழாமல் இருக்கப் பார்க்கிறார். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகுவார். முன்னால் வந்து, பெயர் சொல்லி, "ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போறோம், நான் கூடவே வர்றேன்" என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சில விநாடி காத்திருக்க வேண்டும். பதில் உருவாக அவ்வளவு நேரம் பிடிக்கும். "நேத்து சொன்னேனே, ஞாபகம் இல்லையா?" என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம்.

பலருக்குப் பிற்பகல் சாயும்போது குழப்பமும் பதற்றமும் கூடும், அதனால் முடிந்தவரை காலைப் பயணம் நல்லது. ஊரைச் சுற்றி நான்கு பேரை ஏற்றி இறக்கும் வண்டி செலவைக் குறைக்கும், சரி, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் "இது என் வழி இல்லையே" என்ற பயம் எழும். நேர்வழி, அதே ஓட்டுநர், அதே இருக்கை.

குடும்பங்கள் பொதுவாக அவர் கார் ஓட்டுவதை நிறுத்திய பிறகுதான் வண்டிச் சேவையைத் தேடுகிறார்கள். அதற்குள் புதிதாக ஒன்றைப் பழகும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கும். நோய் தெரிந்த ஆரம்பத்திலேயே, இன்னும் தானே ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, வாரம் ஒருமுறை அந்த வண்டியில் அவர் விரும்பும் இடத்துக்குப் போய்வரத் தொடங்குங்கள். ஓட்டுநரின் குரலும் வண்டியின் படியும் பழகிவிட்டால், பின்னால் அந்த ஓட்டுநரின் பெயர் மறந்தாலும் ஏறி உட்கார்வது எளிதாக இருக்கும்.