பஞ்சுமிட்டாய் போல உறைந்தால்தான் கான் எழுந்திருப்பான்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா கடை வாசலில் நின்றுகொண்டு என் அக்கா மகனும், கால்நடை ஆய்வாளராக இருக்கும் என் நண்பரும் முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைகளின் பெரிய வில்லனான கான் மறுபடி வரலாமா, கூடாதா என்பதுதான் விஷயம்.

கானைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரபணுவை மாற்றி உருவாக்கப்பட்டவன்; சாதாரண மனிதனைவிட பலமும் புத்தியும் அதிகம். கதைப்படி 1996-ல் தன் ஆட்களோடு பூமியை விட்டுத் தப்பி, கப்பலிலேயே தூங்கிப்போய், 2267-ல் எழுப்பப்படுகிறான். தொலைக்காட்சியில் அவன் முதலில் வந்தது 1967 பிப்ரவரியில். 1982 படத்தில் பழிவாங்கத் திரும்பி வந்து செத்துப்போனான். 2013-ல் வந்த படம் வேறொரு காலக்கிளையில், அதாவது வரலாறு வேறு பக்கம் திரும்பிய ஓர் உலகில், நடக்கிறது. அதில் அவனைக் கொல்லவில்லை. கடைசிக் காட்சிகளில் பனிப்பெட்டிக்குள் உறையவைத்து, அவனுடைய 72 ஆட்களின் பெட்டிகளோடு சேர்த்து வைத்துவிடுகிறார்கள்.

"மாமா, பெட்டி இருக்கு, ஆள் உள்ளே இருக்கான். மூடியைத் திறந்தா முடிஞ்சது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் அவன்.

"தம்பி, 82-ல செத்தான் பாருங்க, அது ஒரு சாவு. அதுக்கு மேல அவனை எழுப்புறது அந்தச் சாவுக்கே மரியாதை இல்ல" என்றார் நண்பர்.

கதை என்று பார்த்தால் நான் நண்பர் கட்சி. ஆனால் "மூடியைத் திறந்தா முடிஞ்சது" என்ற அந்த ஒரு வரி என்னை விடவில்லை. ஏனென்றால் உறையவைப்பதைவிட எழுப்புவதுதான் கஷ்டம். இன்றுவரை ஆய்வாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இடம் அந்த மூடிதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1967-ல் காட்டிய கானும் 2013-ல் காட்டிய கானும் ஒரே மாதிரி தூங்கவில்லை. பழைய தொடரில் அந்தக் கப்பலில் இருப்பவர்களின் இதயம் நிமிடத்துக்கு நாலு முறை போலத் துடிப்பதாக மருத்துவர் சொல்வார். அது உறைதல் இல்லை, குளிர்கால உறக்கம். ஆர்க்டிக் பகுதியில் வாழும் ஒரு தரை அணில், உறக்கத்தில் தன் உடல் வெப்பத்தை மைனஸ் 2.9 டிகிரி வரை இறக்கிவிட்டு உயிரோடு இருக்கிறது. மடகாஸ்கரில் உள்ள ஒரு குட்டி லெமூர் வருடத்தில் 7 மாதம் வரை உறங்குகிறது. அது நம்மைப் போலப் பிரைமேட் வகை, குரங்கும் மனிதனும் அடங்கிய கூட்டம். அதனால்தான் மனிதனுக்கும் இந்த வித்தையைப் பழக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள்.

ஆனால் சிம்மில் வைத்த அடுப்பும் கேஸைத் தின்னத்தான் செய்யும். உடலின் செலவை நூற்றில் இரண்டு பங்காகக் குறைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 1996-லிருந்து 2267 வரை 271 ஆண்டுகள். அதற்கு ஏறக்குறைய ஐந்தரை ஆண்டுச் சாப்பாட்டைக் கான் தன் வயிற்றுக் கொழுப்பிலேயே சேர்த்துவைத்திருக்க வேண்டும். நடக்காது. அந்த அணில்கூட இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடுங்கி நடுங்கி உடம்பைச் சூடாக்கி விழித்துவிட்டுத்தான் மறுபடி படுக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் போக வேண்டுமென்றால் அடுப்பையே அணைக்க வேண்டும். 2013-ன் பனிப்பெட்டி அந்த வழி.

அடுப்பை அணைப்பதில் சிக்கல் தண்ணீர்தான். ஒரு தக்காளியை ஃப்ரீசரில் வைத்து மறுநாள் வெளியே எடுத்துப் பாருங்கள். பனியாக இருக்கும்வரை கல் மாதிரி அழகாக இருக்கும். இளகியதும் கொழகொழவென்று சரிந்துவிடும். தண்ணீர் பனியாகும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது. கூரான படிகங்களாகவும் வளர்கிறது. செல்களின் மெல்லிய சவ்வு அதைத் தாங்காது.

சரி, மெதுவாகக் குளிரவைத்தால்? அப்போது பனி முதலில் செல்லுக்கு வெளியேதான் பிடிக்கும். பனியில் உப்புக்கு இடம் கிடையாது என்பதால், வெளியே மிச்சமிருக்கும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உப்பு, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். அழகர்கோவில் பக்கத்து மாவடுவை உப்பில் போட்டால் எப்படிச் சுருங்கித் தோல் மடிகிறதோ, அதேதான். வேகமாகக் குளிர்ந்தால் செல் உள்ளுக்குள் கிழியும், மெதுவாகக் குளிர்ந்தால் வடுவாகிச் சாகும்.

இங்கே நண்பருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் தினமும் வண்டியில் கொண்டுபோகும் கேனில் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் இருக்கிறது. அதற்குள் மாட்டுக்குப் போடும் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள். ஒரு குச்சியில் கால் மில்லி. அந்த விந்தணுக்கள் கிழியவும் இல்லை, வடுவாகவும் இல்லை. எப்படி?

அது ஒரு தவறான லேபிளால் கிடைத்த வரம். 1940-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜ் என்பவரும் அவருடைய குழுவும் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு ஒருநாள் குளிர்ப்பெட்டியில் இருந்த பழைய பாட்டிலை எடுத்துச் செய்தபோது அணுக்கள் உயிரோடு எழுந்துவிட்டன. சோதித்துப் பார்த்தால் பாட்டிலில் இருந்தது சர்க்கரையே இல்லை, கிளிசரின்! 1949-ல் இதை வெளியிட்டார்கள். இன்றைக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுத் தொழுவத்தில் நல்ல சாதிக் கன்று பிறக்கிறது என்றால், அதற்குப் பின்னால் அந்தப் பாட்டில் இருக்கிறது. கிளிசரின் தண்ணீரோடு நன்றாகக் கலந்து, மூலக்கூறுகள் வரிசையாகச் சேர்ந்து படிகமாவதைக் கெடுக்கிறது. உப்பும் ஒரேயடியாக ஏறாமல் பார்த்துக்கொள்கிறது.

இயற்கை இதை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. வட அமெரிக்கக் காடுகளில் ஒரு தவளை உண்டு. குளிர் வந்ததும் தோலில் பனி தொட்ட உடனே அதன் ஈரல் சர்க்கரையைக் கொட்ட ஆரம்பிக்கும். நமக்கு ரத்தத்தில் சர்க்கரை 400-ஐத் தாண்டினால் வீடே பதறும். இந்தத் தவளைக்கு 4,000 மில்லிகிராமையும் தாண்டும். உடம்பே பாகாகிவிடுகிறது. உடலில் உள்ள தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை, செல்களுக்கு வெளியே, பனியாகும். இதயம் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். வசந்தம் வந்து இளகும்போது முதலில் இதயம்தான் துடிக்கத் தொடங்குகிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

"அப்ப கானுக்கும் அந்த ஜீன் இருக்குன்னு வச்சுக்குங்க மாமா, சரியாப் போச்சு" என்றான் அவன். நல்ல யோசனைதான், ஒரு குளிர்காலத்துக்கு. தவளை சில டிகிரி மைனஸில் சில மாதம் இருக்கிறது. 271 ஆண்டுகளுக்கு அது போதாது. எந்த வேதிவினையும் நடக்க முடியாத குளிருக்குப் போக வேண்டும். அங்கே பனியே இருக்கக் கூடாது.

பனி இல்லாமல் உறைவது எப்படி? இதற்குச் சித்திரைத் திருவிழாவுக்குத்தான் போக வேண்டும். கல்கண்டும் பஞ்சுமிட்டாயும் ஒரே சர்க்கரை. கெட்டிப் பாகில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் ஆறவிட்டால், மூலக்கூறுகள் சாவகாசமாக அணிவகுத்துக் கல்கண்டாகும். அதே சர்க்கரையை உருக்கி, சுழலும் கிண்ணத்திலிருந்து இழையாக வீசினால், காற்றில் பட்ட நொடியில் ஆறிவிடுகிறது. வரிசையில் நிற்க நேரமே இல்லை. எவன் எங்கே நின்றானோ அங்கேயே சிலையாகிவிடுகிறான். படிகம் இல்லை, கண்ணாடி. பஞ்சுமிட்டாய் என்பது கண்ணாடி இழைகள்தான்.

கிளிசரின் போன்ற பொருட்களை நிறையச் சேர்த்து வேகமாகக் குளிரவைத்தால், சுமார் மைனஸ் 120 டிகிரிக்குக் கீழே உடலில் உள்ள தண்ணீரும் அப்படிக் கண்ணாடியாகும். கருவுறுதல் மையங்களில் கருமுட்டைகளையும் கருக்களையும் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் வைக்கிறார்கள். உறைந்த கருவிலிருந்து முதல் குழந்தை பிறந்தது 1984-ல், ஆஸ்திரேலியாவில். 30 ஆண்டுகளுக்கு மேல் உறைந்திருந்த ஒரு கரு 2025-ல் அமெரிக்காவில் குழந்தையாகப் பிறந்தது. கருவுக்கு முடிந்தது கானுக்கு ஏன் முடியாது? அளவுதான் காரணம். கரு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு புள்ளி. நொடியில் முழுக்கக் குளிரும், நொடியில் முழுக்க இளகும். ஆறடி மனிதனின் தோல் உறைந்த பிறகும் ஈரல் கதகதப்பாக இருக்கும். கிளிசரின் போன்ற அந்த மருந்தும் எல்லா மூலைக்கும் ஒரே அளவில் போய்ச் சேராது. அளவு கூடினால் அந்த மருந்தே விஷம்.

இப்போது மூடிக்கு வருகிறேன். பஞ்சுமிட்டாயைக் காற்றாட வைத்துப் பாருங்கள். ஈரம் ஏற ஏற இழைகள் தளர்ந்து, சுருங்கி, கடைசியில் நறநறவென்று ஆகும். சிலையாக நின்ற மூலக்கூறுகளுக்கு அசைய வழி கிடைத்ததும், விட்டுப்போன அணிவகுப்பை அவை தொடங்கிவிடுகின்றன. கண்ணாடியான உடலைச் சூடாக்கும்போதும் இதே ஆபத்து. குளிரும்போது விழுந்த மிகச் சிறிய பனி விதைகள், மேலே ஏறிவரும் வழியில் மடமடவென்று வளரும். அதனால் குளிர்வித்த வேகத்தைவிட வேகமாகச் சூடாக்க வேண்டும். வெளியிலிருந்து சுடவைத்தால் போதாது. ஐஸ் தண்ணீர் இருந்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற டீயை ஊற்றினால் என்ன ஆகும்? தோல் இளக ஆரம்பிக்கும்போது உள்ளே ஈரல் விரிசல் விட்டிருக்கும்.

இதற்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் அருமையான வழி கண்டுபிடித்தார்கள். இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்களை ரத்தக் குழாய் வழியாகவே உறுப்பு முழுக்கச் செலுத்திவிட்டு உறையவைப்பது. எழுப்பும்போது, திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்துக்குள் வைத்தால் எல்லாத் துகளும் ஒரே சமயத்தில் சூடாகும். உள்ளேயும் வெளியேயும் ஒரே சீராக இளகும். 2023-ல் வெளியான முடிவுப்படி, 100 நாள் வரை கண்ணாடியாக இருந்த எலிச் சிறுநீரகங்களை இப்படி எழுப்பிப் பொருத்தினார்கள். அந்த ஒற்றைச் சிறுநீரகத்தை நம்பியே எலிகள் வாழ்ந்தன. ஒரு பெரிய மொச்சைக்கொட்டை அளவு உறுப்பு. முழு மனிதனுக்கு இன்னும் வெகுதூரம்.

"எல்லாம் சரி. எந்திரிச்சாலும் பகை ஞாபகம் இருக்குமா?" என்று நண்பர் கேட்டார். அன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். பகை மறந்த கான், கானே இல்லை. பதில் ஓரளவு தெரியும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியில் செய்யும் சில அறுவை சிகிச்சைகளில் உடலை 20 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே அரை மணி நேரம் போல நிறுத்திவிடுவார்கள். மூளையின் மின் அலைகள் நேர்கோடாகிவிடும். விழித்தவர்களுக்குத் தங்கள் வீடும் மக்களும் நினைவில் இருக்கிறார்கள். அப்படியென்றால் நீண்ட கால நினைவு ஓடும் மின்சாரத்தில் இல்லை. நரம்புகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் அமைப்பில் இருக்கிறது. 2015-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுக்களுக்கு ஒரு வாசனையைப் பழக்கி, கண்ணாடியாக உறையவைத்து எழுப்பினார்கள். புழுக்கள் அந்த வாசனையை மறக்கவில்லை. அவற்றுக்கு இருப்பது 302 நரம்புச் செல்கள். ஆக, கோர்வை கலையாமல் கான் உறைந்திருந்தால் பகையும் கூடவே உறைந்திருக்கும்.

கான் தொலைக்காட்சியில் வருவதற்குச் சுமார் 5 வாரம் முன்புதான், 1967 ஜனவரி 12-ல், ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் உடலை, புற்றுநோயால் இறந்த பிறகு, எதிர்காலத்தை நம்பி உறையவைத்தார்கள். இன்னும் அப்படியே இருக்கிறது. அவருக்குப் பிறகும் பலரை வைத்திருக்கிறார்கள். ஒருவரும் எழுந்ததில்லை.

எனக்குக் கானைவிட அந்த மொச்சைக்கொட்டை பெரிது. அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர்க்காரர்களுக்குக் கண் தானம் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது இங்கே பலருக்கும் தெரியும். எடுத்த கருவிழியைச் சாதாரணமாக உறையவைக்க முடியாது. அதன் உட்புறத்தில் நீரை இறைத்து வெளியேற்றும் ஒற்றை அடுக்குச் செல்கள் பனியில் செத்துவிடும், மறுபடி வளராது. அதனால் ஒரு திரவத்தில் இட்டு, 2 முதல் 8 டிகிரியில், சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரைதான் காக்கவைக்கலாம். சிறுநீரகத்துக்கு ஐஸில் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். இதயத்துக்கு 4 மணி நேரம் தாண்டினாலே கவலை. மதுரையிலிருந்து சென்னை சாலையில் 460 கிலோமீட்டர் போல. பொருத்தமான ஆளைத் தேடுவதற்குள் நேரம் தீர்ந்து எத்தனையோ உறுப்புகள் வீணாகின்றன. அந்த எலிச் சிறுநீரகம் மனிதச் சிறுநீரகமாக வளரும் நாளுக்காக நான் மனதாரக் காத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் எங்களைச் சோழவந்தான் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாடு கட்டுத்தறியில் நின்றது. கேனைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை வழிந்தது. இடுக்கியால் ஒரு குச்சியை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் போட்டு, "30 செகண்ட் எண்ணுங்க தம்பி" என்றார். அவன் செல்போனைப் பார்த்து எண்ணினான். மைனஸ் 196-லிருந்து உயிர்ச்சூட்டுக்கு வர அவ்வளவு நேரம்தான்.

குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் அவன் கேட்டான்: "இந்தக் காளை இப்ப எங்கே இருக்கு அண்ணே?"

"அது செத்து நாலு வருஷம் ஆச்சே தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டின் பக்கம் போனார்.