முதியோருக்கு இலவச ஊன்றுகோல்: யாருக்கு, எப்படி?

ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பொதட்டூர்பேட்டையில் பெரியம்மா விழுந்தது கொல்லைப்புறத்து பாத்ரூம் படியில், விடிவதற்கு முன்னால். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செலவு காப்பீட்டில் போய்விட்டது. ஆனால் மூன்று மாதம் மருமகள் தறிப்பக்கம் போகவில்லை. தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட ஆள் வேண்டுமே. அந்தக் கூலியை எந்தக் காப்பீட்டு அட்டையும் தராது. ஒரு ஊன்றுகோல் சில நூறு ரூபாய். கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கோலை அரசே தருகிறது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற முதியோர் உதவித் திட்டம் 2017 ஏப்ரல் 1 அன்று, நமக்கு வடக்கே நெல்லூரில்தான் தொடங்கியது. கைத்தடி, மூன்று கால் கோல், வாக்கர், சக்கர நாற்காலி, காது மெஷின், கண்ணாடி, பல்செட் எல்லாம் உண்டு. ஒன்றுக்கு மேல் தேவைப்பட்டால் ஒன்றுக்கு மேலும் தருவார்கள். கண்ணாடியை லேசாக நினைக்காதீர்கள். படி தெரியாமல் விழுகிறவர்களுக்குக் கோலைவிட அதுதான் முதலில் வேண்டும்.

60 வயது ஆகியிருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ஆதார், ரேஷன் கார்டு (ஆந்திரா பக்கம் வெள்ளைக் கார்டு என்பார்களே, அது), இல்லாவிட்டால் வருமானச் சான்றிதழ் எடுத்துப் போங்கள். எல்லை ஊர்களில் ஆதார் முகவரி ஆந்திராவின் நகரியிலும், ஆள் மகள் வீட்டோடு இந்தப் பக்கமும் இருப்பது சகஜம். பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பது மாவட்ட நிர்வாகம் என்பதால், ஆதாரில் இருக்கும் மாவட்டத்து முகாமுக்கே போய்விட்டால் அலைச்சல் குறையும். முகாம் எப்போது என்று கலெக்டர் ஆபீசில் விசாரிக்கலாம். முதியோர் உதவி எண் 14567-லும் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் முகாமில் பரிசோதித்து அளவெடுப்பார்கள், பொருள் அப்புறம்தான் வரும். எனவே பெரியவரை நேரில் அழைத்துப் போக வேண்டும், பேரனை அனுப்பினால் ஆகாது. செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே இருக்கிறதோ, கோலின் பிடி அங்கே வர வேண்டும். வலி இருக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு மூன்று கால் கோல் கிடைத்தது. விட்டாலும் தானே நிற்கும், குனிந்து எடுக்க வேண்டாம் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஓராண்டுப் பராமரிப்பும் இலவசம். கோலின் அடி ரப்பரை மட்டும் அடிக்கடி திருப்பிப் பாருங்கள். அது வழவழவென்று தேய்ந்துவிட்டால் ஈரத் தரையில் கோலும் வழுக்கும்.