துணி காயும்வரை

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. மகனையோ மகளையோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் முன்னாலேயே, "எல்லாம் படம் பார்த்து வந்த வினை டாக்டர்" என்று ஆரம்பிக்கிறார்கள். இந்தத் தடவை எனக்கு எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

வந்தவனுக்கு 26 வயது. தவணை வசூல் வேலை. வசூல் பணத்தில் துண்டு விழுந்துவிட்டது. எடுத்தது அவன் இல்லை, ஆனால் கணக்கு அவன் பெயரில். இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, பாதிச் சாப்பாடு இலையிலேயே கிடக்கிறது, நண்பர்கள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. இதெல்லாம் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஏதோ கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்பது மட்டும் அப்பா கண்ணில் பட்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால், திரையில் சாகத் துணிந்த ஒருவன் நிற்கிறான். அவ்வளவுதான், போன் பறிமுதல்.

படம், ஃபிராங்க் காப்ரா 1946இல் எடுத்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்'. சின்ன ஊரில் வீட்டுக்கடன் நிறுவனம் நடத்தும் ஜார்ஜ் பெய்லிக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் 8,000 டாலர் காணாமல் போகிறது. தொலைத்தது அவனல்ல, கூட வேலை பார்க்கும் உறவுக்காரர். பையனுக்கு ஏன் அந்தப் படம் ஒட்டிக்கொண்டது என்பதைக் கண்டுபிடிக்க மனநல மருத்துவர் தேவையே இல்லை. வீட்டில் ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "அதுல உனக்கு எந்த இடம் பிடிக்கும்?" என்றேன். ஊரே பணத்தோடு வீட்டுக்குத் திரண்டு வரும் கடைசிக் காட்சியைச் சொல்வான் என்று நினைத்தேன்.

"அது சினிமா மேடம். நமக்கு யார் வந்து கொட்டப் போறாங்க?"

அவன் பிடித்துக்கொண்டது வேறு இடம். சாக நினைத்து நிற்கிற ஜார்ஜுக்கு முன்பாகவே இன்னொருவர் தண்ணீரில் விழுந்து கத்துகிறார். ஜார்ஜ் தன் கவலையை மறந்து அவரைக் காப்பாற்றுகிறான். அப்புறம் இரண்டு பேரும் ஒரு சுங்கக் குடிலில் ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். "துணி காயற வரைக்கும் எங்கேயும் போக முடியாதில்ல மேடம், பேசித்தான் ஆகணும். ரொம்ப முடியாதப்போ அத மட்டும் போட்டுப் பார்ப்பேன். முடியறதுக்குள்ள கொஞ்சம் தணிஞ்சிடும்."

நாங்கள் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதை இவன் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தான். சாக வேண்டும் என்ற உந்துதல் உச்சத்திலேயே நின்றுகொண்டிருப்பதில்லை, ஏறி இறங்கும். ஏறும் நேரத்தைத் தள்ளிப்போட அவனுக்கென்று இருந்த ஒரே பிடிமானம் அந்தச் சில நிமிடக் காட்சி. அதைத்தான் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

படங்களால் கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாவைத் தீர்வாகக் காட்டி, எப்படி என்றும் விலாவாரியாக விளக்கும் காட்சிகள் தளர்ந்த மனதுக்கு ஆபத்தானவை. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. மோசார்ட்டின் 1791ஆம் ஆண்டு இசைநாடகம் ஒன்றில் பாப்பகேனோ என்ற பறவை பிடிப்பவன் காதலியை இழந்த துக்கத்தில் சாகத் துணிகிறான். மூன்று சிறுவர்கள் வந்து, அவனிடமே இருக்கும் மந்திர மணிகளை ஒலிக்கச் சொல்லி நினைவூட்டுகிறார்கள். அவன் பிழைத்துக்கொள்கிறான். நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களின் கதைகள் காப்பாகவும் அமையலாம் என்பதற்கு 2010இல் வியன்னா ஆய்வாளர்கள் இவன் பெயரையே வைத்தார்கள்.

அப்பாவைத் திரும்ப உள்ளே கூப்பிட்டேன். "சாகணும்னு தோணுதான்னு நீங்க அவன்கிட்ட கேட்டீங்களா?"

"ஐயோ, அத எப்படி மேடம் வாயால கேக்கறது? இல்லாத நெனப்ப நாமளே கெளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. எத்தனை தடவை சொன்னாலும் இந்தப் பயம் போக மாட்டேன் என்கிறது. நீங்கள் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இல்லாதவர் "சீ, அதெல்லாம் இல்லை" என்பார், விஷயம் அதோடு முடிந்தது. இருப்பவருக்கு, ஒளித்து ஒளித்துச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கும். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்காதீர்கள். 'இல்லை' என்ற பதிலை நீங்களே கையில் கொடுத்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. "சாகணும்னு நெனப்பு வருதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அறிவுரை வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனின் கஷ்டத்தோடு ஒப்பிட வேண்டாம், அழுது சத்தியம் வாங்கவும் வேண்டாம்.

'கேஸ் ஆகிவிடும்' என்று மூடி மறைப்பவர்களுக்கு: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்கிறது. அவருக்குத் தேவை சிகிச்சை, தண்டனை அல்ல.

ஒரே படத்தில் எல்லோரும் ஒரே அர்த்தத்தைக் காண்பதில்லை. "நான் போனாத்தான் என் அருமை இவங்களுக்குத் தெரியும்", "நான் இல்லாட்டி வீட்டுக்கு நிம்மதி" என்று படத்தைச் சாக்காக வைத்துப் பேச்சு வந்தால், தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மிச்சம் மீதி மாத்திரைகளை அப்போதே கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிவாருங்கள். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்றெல்லாம் காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற உதவி எண்ணும் உண்டு.

"இந்தப் படத்தைப் பாரு, சரியாயிடும்" என்று லிங்க் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கும் நண்பர்களே, கூட உட்கார்ந்து பாருங்கள். படம் மருந்தல்ல.

நீங்களே அப்படி ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு ராத்திரிகளைக் கடத்துகிறவராக இருந்தால், பிடியை விட வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அந்தக் காட்சியை ஒருவருக்காவது போட்டுக் காட்டுங்கள். "என்னமோ பிடிச்சிருக்கு" என்று ஆரம்பித்தால் போதும்.

நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்வது எங்கள் வழக்கம். பையன் அதற்குத் தலைப்பாக 'துணி காயும்வரை' என்று எழுதினான். முதல் வரி அக்காவின் நம்பர். அந்தக் காட்சி மூன்றாவதாக. போன் திரும்பக் கிடைத்துவிட்டது. புதன்கிழமை மறுபடி வருகிறான். நாலு நாளாக மாத்திரை போடவில்லையாம், அதற்குத் திட்டு காத்திருக்கிறது.