அகல டயரும் ஸ்பேசரும்: மாட்டுவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதம்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களில் பலர் அடுத்த வேலையாகச் செய்வது, அகலமான டயரும் பெரிய அலாய் வீலும் மாட்டி, சக்கரம் மட்கார்டின் விளிம்போடு சமமாக வந்து நிற்பதற்காக உள்ளே ஸ்பேசரும் (வீலுக்கும், அது பொருத்தப்படும் அச்சு முனையான ஹப்புக்கும் இடையே செருகும் உலோக வளையம்) வைப்பதுதான். பொருத்திக் கொடுத்த கடைக்காரருக்கு விவகாரம் அன்று மாலையே முடிந்துவிடுகிறது. விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுத்துக் கடிதம் வரும்போதும், காரை வேறு மாநிலத்துக்கு மாற்றிப் பதிவு செய்யப் போகும்போதும், விற்க முனையும்போதும் மாட்டிக்கொள்பவர் உரிமையாளர் மட்டுமே. அவ்வாறு மாட்டிக்கொண்டவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் சட்டத்தை மீற வேண்டும் என்று நினைத்தவர்களே அல்லர். அனுமதி ஆகாத ஏதோ ஒரு காகிதத்தை அனுமதி என்று நம்பியவர்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவு 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது வைக்கப்பட்ட நோக்க அறிக்கையிலேயே, கூடுதல் திறன் கொண்ட டயர்களை மாட்டுவது உட்பட எவ்வகை மாற்றத்தையும் தடுப்பது என்ற குறிக்கோள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்பை மாற்றும் வகையில் வாகனத்தைத் திருத்த இயலாது என்று உறுதி செய்தது. அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இனி, மக்கள் விழும் குழிகளைப் பார்ப்போம். முதலாவது, "ஆர்.சி.யில் டயர் அளவே இல்லையே, பிறகு எதிலிருந்து மாறுபடுகிறது?" என்ற வாதம். சொந்தப் பயன்பாட்டுக் காரின் ஆர்.சி.யில் டயர் அளவு பொதுவாக இருக்காது என்பது உண்மைதான். அந்த விவரம் சரக்கு வாகனம், பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கே கேட்கப்படுகிறது. ஆனால் அந்த மாடல் சந்தைக்கு வருவதற்கு முன் மாதிரி வாகனம் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றபோது, எந்த அளவு டயர், எந்த அளவு வீல் என்பது பதிவாகியிருக்கும். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயரும் மோட்டார் வாகன ஆய்வாளரும் ஒப்பிடுவது அந்த விவரக்குறிப்போடுதான், ஆர்.சி.யில் உள்ள வெற்றிடத்தைக் காட்டித் தப்பித்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

ஆகவே உங்களுக்குத் தேவையான காகிதம் ஒன்றே ஒன்று: உங்கள் கார் எந்த வேரியன்டோ அதற்கு உற்பத்தியாளர் ஒப்புக்கொண்ட டயர் மற்றும் வீல் அளவுகளின் பட்டியல். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டப்பட்டுள்ள ஸ்டிக்கரிலும், காரோடு வந்த கையேட்டிலும் அது இருக்கும். அங்கே இரண்டு மூன்று அளவுகள் தரப்பட்டிருந்தால், அவற்றுள் பெரியதை மாட்டுவதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஒரே அளவு மட்டும் இருந்து, மேல் வேரியன்டில் வருகிற அகல டயரை மாட்ட விரும்பினால், சேஸிஸ் எண்ணைக் குறிப்பிட்டு உற்பத்தி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். மேல் வேரியன்டில் பிரேக், சஸ்பென்ஷன், வீல் ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது) ஆகியவை வேறாக இருக்கக்கூடும் என்பதால், "அதே கார்தானே" என்ற ஷோரூம் பேச்சு போதாது. தொலைபேசியில் "தாராளமாகப் போடுங்கள்" என்று சொல்பவர் அதையே மின்னஞ்சலில் எழுதித் தர மறுத்தால், அந்த மறுப்பையே விடையாகக் கொள்ளுங்கள்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. டயர் அளவில் முதல் எண் அகலம் (மி.மீ.), இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, ஆர்-க்குப் பின் வருவது வீலின் விட்டம் (அங்குலம்). 205/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 632 மி.மீ. அதற்குப் பதில் 225/45 ஆர்17 மாட்டினால் விட்டம் 634 மி.மீ.; வேறுபாடு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அதே அகலத்தில் 225/50 ஆர்17 மாட்டினாலோ 657 மி.மீ. ஆகிவிடுகிறது, வேகமானி 100 காட்டும்போது கார் அதைவிட ஏறக்குறைய 4 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும். வேக வரம்பை மீறியதாகச் செலான் வரும்போது வேகமானியைக் காட்டி வாதாட முடியாது. டயரின் பக்கவாட்டில் உள்ள சுமைக் குறியீட்டையும் வேக எழுத்தையும் பாருங்கள். 91 என்றால் 615 கிலோ, வி என்றால் மணிக்கு 240 கி.மீ., டபிள்யூ என்றால் 270 கி.மீ. அகலம் கூடி இவற்றுள் ஒன்று குறைந்த டயரை விலை மலிவு என்று தலையில் கட்டுவது சாதாரணமாக நடக்கிறது. இந்தியத் தர முத்திரை இல்லாத டயரைத் தொடவே வேண்டாம். 2009ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அந்த முத்திரை கட்டாயம்.

ஸ்பேசர் இதைவிடச் சிக்கலானது. ஒவ்வொரு பக்கத்திலும் 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் அந்த அச்சில் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 30 மி.மீ. கூடுகிறது, 45 ஆஃப்செட் உள்ள வீல் 30 ஆஃப்செட் வீலைப்போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது. பேரிங்கின் மேல் சுமை கூடுகிறது. முன் சக்கரத்தில் ஸ்டியரிங்கின் இழுவையும் மாறுகிறது. பழைய போல்ட்டை வைத்தே மெல்லிய ஸ்பேசரைச் செருகிவிட்டால், ஹப்பின் உள்ளே போல்ட் பிடிக்கும் மரைகளின் எண்ணிக்கை குறைகிறது, அதாவது ஓடும்போது சக்கரம் கழன்றுபோவதற்கான வாய்ப்பை நீங்களே காசு கொடுத்து வாங்குகிறீர்கள். ஹப்பின் நடுவட்டத்தில் சரியாக உட்காராத ஸ்பேசரில் முழு எடையையும் போல்ட்டுகளே தாங்க வேண்டியிருக்கும். விபத்துக்குப் பிறகு சர்வேயர் சக்கரத்தைக் கழற்றிப் படம் எடுக்கும்போது முதலில் கண்ணில் படுவதும் இதுதான். டயர் அளவைப் பற்றியாவது வாதிடலாம், உற்பத்தியாளர் தராத ஓர் உலோக வளையம் உள்ளே இருப்பதற்கு விளக்கம் சொல்வது கடினம். சில நிறுவனங்கள் சில மாடல்களில் ஸ்பேசரைத் தொழிற்சாலையிலேயே விருப்பத் தேர்வாகப் பொருத்தித் தருகின்றன. உங்களுடையது அப்படிப்பட்டது என்றால், கார் வாங்கிய விலைப்பட்டியலில் அது தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதைப் பத்திரப்படுத்துங்கள்.

விலையுயர்ந்த ஸ்பேசர்களை விற்பவர்கள் ஜெர்மனியின் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பான டியூவியின் சான்றிதழ் ஒன்றை நீட்டுவார்கள். ஜெர்மனியிலேயேகூட, பாகத்துக்குத் தரப்படும் இவ்வகை அறிக்கையோடு காரை ஆய்வாளரிடம் கொண்டுபோய், பொருத்தியது சரியா என்று அவர் பார்த்து உறுதி செய்த பிறகுதான் அது செல்லும். இங்கே அந்தத் தாளுக்கு, பாகம் தரமானது என்று காட்டுவதற்கு மேல் மதிப்பில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைக் காட்டி எதுவும் பெற முடியாது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே நேராகப் போய் அனுமதி கேட்டால் என்ன என்று நேர்மையானவர்கள் கேட்கிறார்கள். போனவர்கள் கண்டது இதுதான்: கவுன்டரில் இருப்பவர் ஆய்வாளரைப் பார்க்கச் சொல்வார், ஆய்வாளர் டீலரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வார், டீலர் நிறுவனத்தைக் கேட்கச் சொல்வார், நிறுவனம் பதிவு அதிகாரியை அணுகச் சொல்லும். 52ஆம் பிரிவின்கீழ் அனுமதி உண்டு; ஆனால் அது எரிபொருள் மாற்றும் கிட், இன்ஜின் மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றியமைப்பு போன்றவற்றுக்கானது. தோற்றத்துக்காக டயரை அகலப்படுத்துவதற்கு அங்கே கதவில்லை என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டால் ஓர் ஆளின் அலைச்சல் மிச்சமாகும். அதைச் சொல்லத்தான் எவருக்கும் மனம் வருவதில்லை. இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார். "ஆல்டரேஷன் என்டார்ஸ்மென்ட்", அதாவது மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றும் பதிவு, வாங்கித் தருவதாகப் பணம் பெற்றுக்கொண்டு அவர் கொண்டுவருவது பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு சேவைக்கான ரசீது. ஆர்.சி.யில் மாற்றம் ஏறியிருக்கிறதா என்பதைப் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே பார்த்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

அலுவலகத்தின் நிலைப்பாடு எழுத்தில் வேண்டும் என்றால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு கொடுக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "அகல டயர் போடலாமா?" என்று கேட்டால், அது கருத்துக் கேட்பது என்று சொல்லி மூடிவிடுவார்கள். "டயர், வீல் அளவு மாற்றம் தொடர்பாக இவ்வலுவலகத்துக்கு வந்துள்ள சுற்றறிக்கைகளின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

காப்பீட்டில் இருக்கும் குழி மிகவும் ஆழமானது. புதிய அலாய் வீலின் விலையை உபகரணமாகச் சேர்த்து, கூடுதல் பிரீமியமும் கட்டிவிட்டதால் மாற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். பிரீமியம் வாங்கியதால் காப்பீட்டு நிறுவனம் 52ஆம் பிரிவுக்கு விலக்கு அளித்ததாகாது. மாறாக, அறிவிக்காமலே விட்டால், விவரத்தை மறைத்ததாகச் சொல்லிச் சொந்தக் காருக்கான சேத இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இன்னும் எளிது. விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குத் தர வேண்டியதை மறுக்கச் சட்டம் மிகக் குறைந்த காரணங்களையே அனுமதிக்கிறது. ஆயினும், கொடுத்த தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும் உரிமையை அவர்கள் தீர்ப்பாயத்தில் கேட்கலாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் உடனே சோர்ந்துவிட வேண்டியதில்லை. நின்றுகொண்டிருந்த காரைப் பின்னால் வந்த லாரி இடித்திருந்தால், ஸ்பேசருக்கும் சேதத்துக்கும் என்ன தொடர்பு? பாலிசியின் எந்த நிபந்தனை மீறப்பட்டது, அந்த மீறல் விபத்துக்கு எவ்வாறு காரணமானது என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவு 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. கிளை அலுவலகத்துக்கு நடந்து நடந்து அந்த ஓராண்டைக் கழித்துவிடுபவர்கள் உண்டு. வாய்ப்பேச்சில் தரப்படும் "அடுத்த வாரம்" எதுவும் கெடுவை நீட்டிக்காது.

சாலையில் நிறுத்தப்பட்டால், செலானில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "5,000 ரூபாய்தானே" என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம்: தொகை மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, அதைக் கட்டுவதால் மாற்றம் சட்டப்படியானதாகவும் ஆகிவிடாது. 53ஆம் பிரிவின்கீழ்ப் பதிவையே இடைநிறுத்தி வைக்கவும் அதிகாரிக்கு வழி இருக்கிறது. அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பதால், அந்த அறிவிப்பு வந்தால் பதில் எழுதாமல் இருந்துவிடக் கூடாது. தவணையில் வாங்கிய கார் என்றால் கடன் ஒப்பந்தத்தையும் படியுங்கள். எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும்.

கழற்றிய பழைய வீல்களையும் போல்ட்டுகளையும் கடையில் கழிவு விலைக்கு விட்டுவிடாதீர்கள். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் காரை வைத்திருக்கும்போது மறுபதிவுக்கும், 15 ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது தகுதிச் சோதனைக்கும் ஆய்வாளர் முன் நிறுத்த அவை வேண்டும். அந்த நேரத்தில் பழைய மாடலின் மூல வீல் நான்கைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஏற்கெனவே மாற்றப்பட்ட காரை வாங்குகிறீர்கள் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் கதவுத் தூண் ஸ்டிக்கரோடு டயர் அளவை ஒப்பிட்டு, ஒரு சக்கரத்தைக் கழற்றி உள்ளே ஸ்பேசர் இருக்கிறதா என்று பார்த்து, மூல வீல்களையும் விலையில் சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.