எண்ணும் பெயர், எண்ணாப் பெயர்

இங்கிலீஷ் இலக்கணத்தில் வரும் கவுண்டபிள் நவுன், அன்கவுண்டபிள் நவுன் இரண்டையும் 'எண்ணக்கூடிய பெயர்ச்சொல்', 'எண்ண முடியாத பெயர்ச்சொல்' என்றுதான் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலாவது சரி. இரண்டாவதில்தான் குழப்பமே, ஏனென்றால் மணி, அதாவது பணம், அன்கவுண்டபிள் என்று சொன்னவுடனே பிள்ளைகள் 'பணத்தை எண்ணத்தானே செய்யுறோம்?' என்று கேட்பார்கள், கேட்பதில் தப்பும் இல்லை.

நாம் எண்ணுவது ரூபாயை, நோட்டை. அந்தச் சொற்கள் கவுண்டபிள். மணி என்ற சொல்லுக்கு முன்னால் ஒன்று, இரண்டு போடுவதில்லை, பின்னால் பன்மைக்கு 'எஸ்' ஒட்டுவதில்லை, அவ்வளவுதான். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியும் மல்லியும் கிலோக் கணக்கில்தான் விலைபோகும், ஆனாலும் இங்கிலீஷுக்கு ஃபிளவர் கவுண்டபிள். நாலு நாற்காலியும் ஒரு கட்டிலும் கண்ணெதிரே கிடந்தாலும் பர்னிச்சர்ஸ் என்று சொல்லக்கூடாது. அட்வைஸ், இன்பர்மேஷன், லக்கேஜ் எல்லாம் இதே கதைதான். அறிவுரைகள், தகவல்கள் என்று சொல்லிப் பழகிய நாக்கு அங்கேயும் ஒரு 'எஸ்' சேர்த்துவிடும். எண்ணியே தீரவேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'.

கவுண்ட் என்ற சொல் லத்தீன் 'கம்புத்தாரே'யிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, கம்ப்யூட்டருக்கும் வேர் அதுவே. நவுன் என்பது 'நோமென்', பெயர் என்றே அர்த்தம். இந்த வகைகூட நிலையானது இல்லை. முன்பு இங்கிலீஷில் பட்டாணிக்கு 'பீஸ்' (pease) என்பதே ஒருமை, அரிசி மாதிரி எண்ணாமல் சொன்ன பெயர். கடைசி ஒலியைப் பன்மை என்று நினைத்து 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அதை வெட்டி 'பீ' என்று புதிதாக ஒரு ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள்.

தமிழுக்கு இந்தத் தலைவலி குறைவு. 'பத்து தேங்காய்' என்றாலே போதும், 'கள்' கட்டாயமில்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இப்படிப்பட்ட பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பார்கள். அப்புறம், நம்ம குமரி மாவட்டத்தில் எண்ணிக்கை என்ற பொருளில் 'எண்ணம்' என்று ஒரு வழக்கு உண்டு, மலையாளத்திலும் இருக்கிறது: 'ஏத்தங்காய் (நேந்திரங்காய்) எத்தனை எண்ணம் வேணும்?' என்று கேட்பார்கள், சீனியை அப்படிக் கேட்கமாட்டார்கள். கடைச்சாமான் வரைக்கும் இதை வைத்தே பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிடலாம். பர்னிச்சருக்கு உதவாது, அதை மனப்பாடம்தான் செய்யவேண்டும்.

சரி, தமிழில் என்ன பெயர் வைப்பது? 'எண்ணுப்பெயர்' என்று சுருக்கக்கூடாது. ஒன்று, இரண்டு என்ற எண்களின் பெயருக்கு அது எப்போதோ போய்விட்டது. எண், நிறை, அளவு இவற்றின் பெயர்களைப் பற்றித் தொல்காப்பியத்திலேயே வரும் (அந்த நூல் அரங்கேறியபோது கேட்டவர் அதங்கோட்டாசான், அவர் ஊர் நம்ம விளவங்கோடு பக்கத்து அதங்கோடு என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்). என்னைக் கேட்டால் 'எண்ணும் பெயர்', 'எண்ணாப் பெயர்'. எண்ணா என்பது ஓடாக் குதிரை மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதாவது 'எண்ணாத' என்பதில் கடைசி 'த' போனது. முடியாது என்று அது சொல்லவில்லை, எண்ணுவதில்லை என்று மட்டுமே சொல்கிறது, மணிக்கும் பர்னிச்சருக்கும் அது பொருந்தும்.

ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்பதும் உண்டு. 'எ சிக்கன்' என்றால் முற்றத்தில் மேய்கிற கோழி, வெறும் 'சிக்கன்' என்றால் கறி. காபி எண்ணாப் பெயர்தான், ஆனால் ஹோட்டலில் 'டூ காபீஸ்' என்று கேட்டால் தப்பில்லை, இரண்டு கப் வரும்.