கருமருந்துக்கு அஞ்சுவோர் எண்ணெய்த் துணிக்கும் அஞ்ச வேண்டும்

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஜெர்மானியக் குடியேறிகள் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த, குழலின் வாய்வழியே கருமருந்து என்னும் வெடிமருந்தைக் கெட்டிக்கும் நீள்துப்பாக்கியை இன்றும் கையாலேயே செய்து பார்க்கும் ஆர்வலர்கள் இங்குப் பலர் உண்டு. அவர்கள் செதுக்கிய துப்பாக்கிக் கட்டைகளுக்கு, அதாவது குழலைத் தாங்கும் மரப்பகுதிகளுக்கு, மெருகேற்றித் தருவது என் தொழில். கட்டையோடு சேர்த்து, பட்டறை எரிந்த கதையும் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. சென்ற வாரம் வந்தவரின் கொட்டகை எரிந்ததற்குக் கருமருந்து காரணமன்று. குப்பைக்கூடையில் அவர் சுருட்டிப் போட்ட ஆளிவிதை எண்ணெய்த் துணிதான் காரணம்.

இத்தனைக்கும் அவர் கவனமானவர். இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தை வரிவரியான மேப்பிள் மரக் கட்டையில் பூசும்போது கையுறையும் கண்ணாடியும் அணிந்திருக்கிறார். பச்சைபாய்ந்து கிடந்த மரம் சூடு காட்டியதும் செம்பழுப்பாக மாறி, வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்ததை அவ்வளவு நுணுக்கமாக விவரித்தார். (கடைச் சாயத்தில் இந்த ஆழம் கிடைக்காது என்பது என் கருத்து.) அதன்பின் எண்ணெய் தேய்த்த துணியைப் பற்றி மட்டும் அவருக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை.

"பொறியே இல்லாமல் எப்படித் தீப்பிடிக்கும்? குழலுக்குப் போடும் எண்ணெய்த் துணி பல வருடங்களாக இழுப்பறையில் கிடக்கிறதே!" என்று எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். குழலுக்குப் போடுவது கனிம எண்ணெய். அது உலர்வதே இல்லை. ஆளிவிதை எண்ணெயோ தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது, அப்படி இறுகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. விரித்த துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியிலோ உள்ளேயே தங்கி, ஏறி, சில மணி நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். "காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்தானே" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. இன்று அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலும் விரைவில் உலர்த்தும் உலோக உப்புகளே கலந்திருக்கின்றன, அதனால் சூடும் விரைவாகவே ஏறும்.

நம்பாதவர்கள் பக்கத்திலிருக்கும் பிலடெல்பியாவை நினைத்துக்கொள்ளட்டும். 1991 பிப்ரவரி 23 அன்று ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் மாடியில், மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுச்சென்ற இதே எண்ணெய்த் துணிகளிலிருந்து தீ கிளம்பியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். தானியங்கி நீர்த்தெளிப்பான் இருந்த 30ஆம் மாடியில்தான் தீ நின்றது.

ஆகவே, தயவுசெய்து, வேலை முடிந்த கையோடு துணியை வெளியே எடுத்துச் சென்று, மடிப்பே இல்லாமல், சுவரை ஒட்டாமல், ஒற்றை அடுக்காகக் கொடியில் விரியுங்கள். அட்டைபோல முழுக்க விறைத்த பிறகே குப்பையில் போடுங்கள். வெளியே இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் அமிழ்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, மரத்தூள் கூடை கூடவே கூடாது. "நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சும் வேண்டாம். எண்ணெய் தொட்ட எஃகுக் கம்பளிக்கும், டங் மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் பட்ட துணிக்கும், எண்ணெயோடு சேர்த்து உப்புத்தாள் தேய்த்த ஈரத் தூளுக்கும் இதே விதிதான்.