செம்புப் பேயும் கைமணிக்கூடும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு ஆசிரியை படம் ஒன்று அனுப்பியிருந்தார். கட்டாரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் மணிக்கூடு. கட்டத் தொடங்கி மூன்றாம் கிழமை, உள்மணிக்கட்டில் சதுரமாக ஒரு சிவப்பு, அதன்மேல் கடுகுமணி போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். "கடி தாங்கேலாமல் இருக்கு. பக்கத்து வீட்டு மாமி நாவூறு என்கிறா, தண்ணி ஓதிக் குடிக்கச் சொல்றா. மணிக்கூட்டில இருந்து கதிர் ஏதும் வருதா?" என்று கேட்டிருந்தார்.

கதிரும் வரவில்லை, நாவூறும் படவில்லை டீச்சர். மணிக்கூட்டின் முகம் படுகிற இடம் சுத்தமாக இருக்கிறது, பட்டியின் பக்கிள் படுகிற இடம் மட்டும் சிவந்திருக்கிறது. நாவூறுக்கு இவ்வளவு கச்சிதமாக நாலு மூலை வராது. தோலைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்வது வைத்தியர் வேலை. ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் நான் நிக்கலில் கட்டுவேன்.

உலகில் தொடுகை ஒவ்வாமையை அதிகம் உண்டாக்கும் உலோகம் நிக்கல்தான். மலிவு, பளபளப்பு, இலகுவில் துருப்பிடிக்காது என்பதால் பக்கிள், ஜீன்ஸ் பொத்தான், மூக்குக்கண்ணாடிச் சட்டம், கவரிங் தோட்டின் பொன்முலாமுக்கு அடியில் என்று எங்கும் இருக்கிறது. பேயைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் செம்பு மாதிரித் தெரிந்த ஒரு தாது கிடைத்தது. உருக்கினால் செம்பு வரவில்லை. குட்டிப்பேய் ஒன்று செய்வினை செய்துவிட்டது என்று அதற்குக் 'குப்ஃபர்நிக்கல்' எனப் பெயர் வைத்தார்கள், செம்புப் பேய் என்று பொருள். 1751இல் சுவீடனின் க்ரோன்ஸ்டெட் அந்தத் தாதுவிலிருந்து புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார். பேய் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் பக்கத்து வியர்வையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பின் குளோரைட்டு பக்கிளை மெல்ல அரிக்க, நிக்கல் அயன்களாகக் கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. இதுவரை எல்லாம் பாடசாலை இரசாயனவியல். எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

நிர்ப்பீடனத் தொகுதி, அதாவது உடலின் நோய் எதிர்ப்புப் படை, ஒரு பொருளைப் பகையாக எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும். 'இதோ ஆள்' என்று யாராவது அடையாளம் காட்ட வேண்டும். 'ஆபத்து' என்று யாராவது கத்தவும் வேண்டும். அடையாளம் காட்டும் வேலையைத் தோலில் லாங்கர்ஹான்ஸ் கலங்களும் அவற்றின் உறவுக் கலங்களும் செய்கின்றன. (1868இல் அவற்றை முதலில் கண்ட போல் லாங்கர்ஹான்ஸ் அப்போது மருத்துவ மாணவன், நரம்புக் கலம் என்றே நினைத்தான்.) தனி நிக்கல் அயன் இந்தக் கலங்களின் கண்ணுக்குப் படாத அளவு சிறியது. அது நம் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது, வீட்டுப் புரதமே அந்நியன் போலத் தோன்றத் தொடங்குகிறது. சரி, அடையாளம் கிடைத்துவிட்டது. கத்தியது யார்?

பற்றீரியா நுழைந்தால் கத்துவதற்கென்றே நம் கலங்களின் மேல் ரி.எல்.ஆர்.4 (Toll-like receptor 4) என்றொரு வாங்கி, சேதி பிடிக்கும் புரதம், இருக்கிறது. சில பற்றீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள கொழுப்புச் சேர்வை வந்து ஒட்டினால், இரண்டு வாங்கிகள் பக்கத்தில் பக்கத்தில் இணைந்து அபாயமணி அடிக்கும். 2010இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பார்த்தது இதுதான்: மனித ரி.எல்.ஆர்.4இல் 456ஆம், 458ஆம் இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஹிஸ்டிடினுக்கும் நிக்கலுக்கும் அப்படியொரு பிடிப்பு. புரதத்தைத் தூய்மையாக்க ஆய்வுகூடங்களில் அதன் வாலில் ஆறு ஹிஸ்டிடினைக் கட்டி நிக்கல் குழாய்க்குள் விடுவது அன்றாட வேலை, புரதம் அங்கேயே தொங்கி நிற்கும். அதே பிடிப்புத்தான் தோலிலும். நிக்கல் அயன் நடுவில் நின்று இரண்டு வாங்கிகளையும் கோத்துவிடுகிறது. பற்றீரியாவே இல்லாமல் பற்றீரியா மணி அடிக்கிறது. ஆளும் தானே, ஆபத்தென்று கத்தியதும் தானே!

எலிக்கு அந்த இடங்களில் ஹிஸ்டிடின் இல்லை. அதனால்தான் வெறும் நிக்கலைப் பூசி எலிக்கு ஒவ்வாமை வரவைப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. மனித வாங்கியை எலிக்கு வைத்ததும் எலிக்கும் வந்தது. இரண்டு அமினோ அமிலங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதை முதன்முதலில் வாசித்த இரவு நான் தேநீர் ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

இந்த வாங்கிகளின் கதை பழ ஈயில் கண்ட 'டோல்' மரபணுவில் தொடங்கியது. பழ ஈயை வைத்து என்ன ஆராய்ச்சி என்று சிரிப்பவர்கள் நம்மூரிலும் உண்டு, காசு ஒதுக்கும் மேசைகளிலும் உண்டு. 2011இல் நொபெல் பரிசின் ஒரு பாதி அந்த ஈயை ஆராய்ந்த ஹொஃப்மனுக்கும் எலியை ஆராய்ந்த பொய்ட்லருக்கும் போனது. நம் இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்துக்கும் மிகக் கீழே. இதற்கு மேல் எழுதினால் கட்டுரை வேறு பக்கம் கிறுகிவிடும்.

மணி அடித்ததும் தோலில் அடையாளம் காட்டும் அந்தக் கலங்கள் நிணநீர்க் கணுவுக்குப் போய், நிர்ப்பீடனத்தின் படைவீரர்களான ரி கலங்களுக்குச் சேதி சொல்கின்றன. நிக்கலை அடையாளம் தெரிந்த ரி கலங்கள் பெருக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். முதல் இரண்டு கிழமையும் பேசாமல் கிடந்த மணிக்கூடு மூன்றாம் கிழமை கடித்தது அதனால்தான். மறுகா, அடுத்த முறை பட்டால் ஓரிரு நாளிலேயே சிவக்கும். அந்த ரி கலங்கள் பல வருடங்களுக்கு மறக்காது.

பெரிய கம்பனிகளுக்கும் இது நடந்திருக்கிறது. ஃபிட்பிட் ஃபோர்ஸ் கைப்பட்டி 2014இல் தோல் தடிப்பு முறைப்பாடுகளால் திருப்பிப் பெறப்பட்டது. நிக்கலும் பட்டியின் பசைப்பொருளும் சந்தேகத்துக்கு உள்ளாயின. அதே வருடம் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தடிப்புக்கு ஐபாடின் நிக்கல் காரணம் என்று அமெரிக்க வைத்தியர்கள் எழுதினார்கள், உறை போட்டதும் குறைந்தது. ஐரோப்பாவில், தோலோடு நீண்ட நேரம் படும் பொருளிலிருந்து கிழமைக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது.

டீச்சர் செய்ய வேண்டியது சின்ன விஷயம். பக்கிள் இல்லாத துணிப்பட்டி மாற்றுங்கள். நகப்பூச்சுப் பூசலாம், ஆனால் நம் வியர்வைக்குக் கொஞ்ச நாளில் உரியும். பாமசியில் கேட்டு வாங்கிய ஸ்டீரொய்ட் கிறீமை மாதக்கணக்கில் பூச வேண்டாம், தோல் மெலிந்துபோகும். வைத்தியரிடம் காட்டுங்கள்.

நிக்கல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டைமெதில்கிளையொக்சைம் கரைசலும் கொஞ்சம் அமோனியாவும் நனைத்த பஞ்சால் தேய்த்தால், நிக்கல் கசிகிற உலோகத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். ஆய்வுகூட நண்பர் ஒருவர் தந்த குட்டிப் போத்தலோடு போன சனிக்கிழமை வீட்டையே சோதித்தேன். அம்மாவின் பொன் தோடு: ஒன்றுமில்லை. போனின் ஓரம்: ஒன்றுமில்லை. என் ஜீன்ஸ் பொத்தான்: மெல்லிய சிவப்பு. மருமகள் மாமாங்கத் திருவிழாக் கடையில் ஆசைப்பட்டு வாங்கி, காது புண்ணாகிக் கழற்றி வைத்த தோடு: பஞ்சு முழுக்க ஜம்புப்பழ நிறம்.

பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாரும் வந்தால் அந்தப் பக்கிளைக் கொடுத்துவிடுங்கள் டீச்சர். போத்தலில் இன்னும் பாதி இருக்கிறது.